ஹஸ்தத்திற்கும் சித்திரைக்கும் நடுவே

நமது கலாசாலைப் பௌதிக சங்கத்தார் இவ்வாண்டு நடத்திய கண்காட்சியில், வாயிலுக்கு இடப்புறச் சுவரில், ஒரு முழ அகலமுள்ள கரிய படம் ஒன்று தொங்கியது சிலருக்கு நினைவிருக்கலாம். நடுவில், நூல் சுற்றிய கதிரைப் போல, இரு முனையும் கூர்ந்த ஒரு வெண்மை, அதன் நீளத்தோடு மயிரிழை போல் ஓடும் ஒரு கறுப்புக் கோடு, சுற்றிலும் சில புள்ளிகள், வேறொன்றுமில்லை. அடியில் "எம் 104 - கிணத்துக்கடவு - 287 நிமிஷம்" என்று எழுதி ஒட்டியிருந்தேன். பக்கத்துச் சுவரிலே மாணவர்கள் மாட்டியிருந்த பெரிய வர்ணப் படங்களின் நடுவே அஃது ஏழை உறவினனைப் போல் நின்றது. "ஐயா, இதைவிடத் தெளிவாக எடுக்க முடியவில்லையா?" என்று முதல் வகுப்பு மாணவர் ஒருவர் மரியாதையாகவே கேட்டார். தெளிவான படம் ஒன்றும் என்னிடம் இருந்தது. அதை ஏன் மாட்டவில்லை என்று நின்ற நிலையிற் சொல்ல இயலவில்லை; ஆதலின் இங்கு எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை தராத சங்கதி ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு எழுதினால் மற்றவை விளங்கா.

கிணத்துக்கடவு, கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி செல்லும் பெருஞ்சாலையில், பாதி வழிக்குச் சற்று அப்பாலுள்ளது. பொன்மலை என்னும் குன்றும், அதன்மேல் வேலாயுதசுவாமி கோயிலும் தூரத்திலிருந்தே அதற்கு அடையாளம். தக்காளிச் சந்தையால் அவ்வூரை அறிந்தவர் பலர். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் கிழக்கே உள்ள சீமையாதலின் காற்றுக்குக் குறைவில்லை. ஊருக்கு வெளியே, கிளுவை வேலி சூழ்ந்த சிறிய தென்னந்தோப்பு ஒன்றை எந்தையார் எனக்கு விட்டுச் சென்றார். வேலிக்கு மேற்கே ஒரு பெரியவரின் தோட்டம். கிணறும், மோட்டார் அறையும், சாளையும், மூன்று ஏக்கர் செம்மண்ணும். யான் பள்ளியிற் கற்பிப்பவன். சனி, ஞாயிறுகளில் தோப்புக்குச் செல்வேன். தேங்காய் எண்ணுவது பேருக்கு, நட்சத்திரம் எண்ணுவது உண்மைக்கு.

என் தொலைநோக்கி பழையதாய் வாங்கியது. எட்டங்குலக் குறுக்களவுள்ள ஒரு குழியாடி, ஒரு மீட்டர் தூரத்தில் ஒளியைக் குவிப்பது. காமிராவும் வேறொருவர் பயன்படுத்தி விற்றதே. இவற்றைச் சுமந்து, பூமியின் சுழற்சிக்கு எதிராக மெல்லத் திருப்பும் இயந்திரத் தாங்கி ஒன்று வேண்டும். அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும் என்று புத்தகங்கள் எளிதாகச் சொல்கின்றன. அவற்றை எழுதியவர்கள் வடதேசத்தார்; அவர்களுக்குத் துருவம் நடுவானத்தளவு உயரத்தில் நிற்கிறது. நமக்கோ அட்சரேகை 11 பாகை. துருவமும் தொடுவானத்திலிருந்து 11 பாகைதான் உயரும். என் தோப்பில் அந்த 11 பாகையைத் தென்னை மட்டைகள் பாதி மறைக்க, மீதியைக் கோயம்புத்தூரின் விளக்கொளி நரைத்த திரையாக மூடிக்கொள்ளும். பல இரவு தேடியும் துருவத்தைக் கண்டிலேன். முடிவில் வேறு வழி பற்றினேன். தெற்கே உச்சிக் கோட்டருகில் ஒரு நட்சத்திரத்தைக் குறுக்கு நூலில் நிறுத்தி, அது வடக்கே நழுவுகிறதா, தெற்கே நழுவுகிறதா என்று பார்த்து அச்சைச் சிறிது திருகுவது. பின் கிழக்கே ஒன்றை நிறுத்தி அவ்வாறே செய்வது. நழுவல் நிற்கும்வரை இது தொடரும். ஓர் இரவில் இரண்டு மணி நேரம் இதற்கே செலவாகும். தாங்கியை இவ்வளவு தாழ்ந்த கோணத்திற்குச் சாய்த்தால் எடைக்கல் தண்டு முக்காலியின் காலில் முட்டும் என்பது மற்றொரு தொல்லை. கொல்லரிடம் சொல்லி ஒரு குட்டைத் தண்டு செய்வித்து அதைத் தீர்த்தேன்.

எதைப் படமெடுப்பது என்பதில் எனக்கு ஐயமிருக்கவில்லை. நம் மக்கள் ஹஸ்தம் என்று சொல்லும் ஐந்து நட்சத்திரங்களையும், அதற்குக் கிழக்கே தனியே ஒளிரும் சித்திரையையும் மாசி பங்குனி இரவுகளில் யாரும் காணலாம். அவ்விரண்டிற்கும் நடுவே, வெறுங்கண்ணுக்கு ஒன்றுமில்லாத இடத்தில், எம் 104 இருக்கிறது. 1781-ஆம் வருஷம் பிரெஞ்சுக்காரரான பியேர் மெஷேன் இதைக் கண்டார். மூன்று ஆண்டு கழித்து வில்லியம் ஹெர்ஷல் தாமாகவே கண்டு, அதன் குறுக்கே இருண்ட பட்டை ஒன்று இருப்பதையும் குறித்தார். மெக்ஸிகோ தேசத்தார் அணியும் அகன்ற விளிம்புத் தொப்பியை ஒத்திருப்பதால் இதற்கு ஸாம்ப்ரெரோ என்று பெயர் வழங்குகிறது. தூரம் ஏறக்குறைய 3 கோடி ஒளி வருஷம். அதாவது என் ஆடியில் விழும் ஒளி புறப்பட்டபோது மனிதன் என்ற பிராணி பூமியில் இல்லை. இதைக் கேட்டு மலைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கிணத்துக்கடவைச் சுற்றிக் கிரஷர்களில் அரைபடும் பாறை அவ்வொளியைவிடப் பத்து மடங்குக்கு மேல் வயதானது. பழமைக்காக வானத்தையே பார்க்க வேண்டியதில்லை.

எனக்கு இதன்பால் உண்டான பற்று வேறு காரணத்தால். கலாசாலையில் யான் படித்த நாளில், எங்கள் பேராசிரியர் ஸ்லைஃபர் என்பவரின் வரலாற்றை ஒரு மணி நேரம் சொன்னார். 1912-க்கும் 1914-க்கும் இடையே, அமெரிக்காவில் லோவல் வானாராய்ச்சி நிலையத்தில், 24 அங்குலக் கண்ணாடி ஒன்றோடு ஸ்லைஃபர் இராப்பகல் பாராது உழைத்தார். இத்தகைய மங்கலான 'மேகங்களின்' ஒளியை நிறநிறமாகப் பிரித்துத் தகட்டிற் பதிக்க, ஒரே தகட்டைப் பல இரவுகள் திறந்து மூட வேண்டியிருந்தது. ஆண்ட்ரோமெடா மேகம் நம்மை நோக்கி வருகிறதென்று கண்ட அவர், அடுத்து இந்த எம் 104 விநாடிக்குச் சுமார் 1000 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைவிட்டு விலகி ஓடுகிறதென்று கண்டார். நம் ஆகாச கங்கைக்கு உட்பட்ட பொருள் எதுவும் அவ்வேகத்தில் ஓடியதாக அதுவரை எவரும் அறிந்ததில்லை. அவை வெளியேயுள்ள தனித்தனி நட்சத்திர மண்டலங்கள் என்று ஹப்பிள் நிரூபித்தது அதற்குப் பத்தாண்டு கழித்தே. பிரபஞ்சம் விரிகிறது என்னும் பெரிய செய்தியின் முதற் சாட்சிகளுள் ஒன்று, நம் ஹஸ்தத்துக்கும் சித்திரைக்கும் நடுவே கிடக்கிறது என்று பேராசிரியர் விரல் நீட்டிக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே அப்போது நண்பகல். ஆயினும் அவர் விரல் நீட்டிய திசையை யான் மறக்கவில்லை.

நிற்க. என் முயற்சிக்குப் பெருந்தடை, மேற்கு வேலிக்கு அப்பால் ஒரு கம்பத்தின் மேலிருந்த விளக்கு. பெரியவர் மார்கழியில் நிலக்கடலை விதைத்திருந்தார். காட்டுப்பன்றிகள் இரவில் இறங்கிக் காயைத் தோண்டித் தின்றுவிடும். வெளிச்சத்துக்கு அவை சிறிது அஞ்சும் என்பதால் வெள்ளொளி வீசும் பெரிய விளக்கொன்றை அவர் மாட்டியிருந்தார். அதன் ஒளியில் என் தோப்பில் உட்கார்ந்து பத்திரிகை வாசிக்கலாம். மூன்று கோடி வருஷத்து ஒளியைப் பிடிக்க இயலாது. சில நாள் தயங்கிவிட்டு, ஒரு மாலையில் சென்று சொன்னேன்.

"எத்தனை நாளைக்குங் வாத்தியார் தம்பி?"

"மாசி அமாவாசையில் நாலு இரவு, பங்குனி அமாவாசையில் நாலு இரவு, பெரியப்பா. பத்தரை மணிக்கு மேல் மூன்றரை வரை."

அவர் வானத்தை ஒருமுறை பார்த்தார். தம் தகப்பனார் கவலை இறைத்த காலத்தில் ஆறாமீனையும் விடிவெள்ளியையும் பார்த்தே மாடு பூட்டுவார் என்றும், தமக்கு அவையெல்லாம் மறந்துபோயின என்றும் சொன்னார். "எட்டு ராத்திரி தானுங்களே. நீங்க முழிச்சுக்கிட்டுத் தானே இருக்கப் போறீங்க? பன்னி வந்தா ஒரு குரல் குடுங்க, போதும்" என்றார். யான் ஒப்புக்கொண்டேன். இவ்வார்த்தையை வாசகர் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

மாசி இரவுகள் நன்றாகவே சென்றன. ஒரு நிமிஷத்துக்கு ஒரு படமாகக் காமிரா தானே எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு நிமிஷப் படத்தில் நட்சத்திர மண்டலம் துருப்பிடித்த கீறல் போலத்தான் தெரியும். அதன்மேல் மணல் தூவியது போன்ற பொய்ப்புள்ளிகள். அவை காமிராவின் மின்னணுக்களாலும், வானத்தின் சொந்த மங்கலொளியாலும் வருவன. இதற்குப் பரிகாரம் பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டுவதே. எங்கள் தக்காளிச் சந்தையில் ஏலம் நடக்கும்போது நூறு பேர் நூறு விதமாகக் கூவுவார்கள்; ஒருவர் மட்டும் ஒரே விலையை மாறாமல் திரும்பத் திரும்பச் சொன்னால், கூச்சலுக்கிடையே அவர் சொல்லே முடிவில் காதில் நிற்கும். அதுபோல உண்மையொளி ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் விழுகிறது. பொய்ப்புள்ளி இடம் மாறி மாறி விழுகிறது. நூறு படம் கூட்டினால் ஒளி நூறு மடங்காகிறது, இரைச்சலோ பத்து மடங்கே ஆகிறது. ஆகவே படம் பத்து மடங்கு தெளிகிறது. இன்னும் பத்து மடங்கு தெளிய வேண்டுமானால் பதினாயிரம் படம் வேண்டும். இந்தக் கணக்கில் இயற்கை கடுங்கஞ்சம்.

இதற்குமேல், குழாயின் வாயை மூடி வெறும் இருட்டைச் சில படம் எடுத்துக் காமிராவின் குறைகளைக் கழிக்க வேண்டும். விடியற்காலையில் வாய்க்கு வெள்ளை வேட்டியைக் கட்டி, வெளுக்கும் வானத்தை எடுத்து ஆடியின் தூசு நிழல்களையும் கழிக்க வேண்டும். தொலைநோக்கிக்கு வேட்டி கட்டிவிட்ட செய்தி இரண்டு நாளில் ஊருக்குள் பரவிற்று.

மாசியில் ஓரிரவு பெரியவரை அழைத்துக் கண்ணாலேயே பார்க்கச் செய்தேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார். "பொகையாட்டம் ஒண்ணு இருக்குது. அதுங்களா?" என்றார். அதுதான் என்றேன். "இதுக்கா இத்தனை பாடு" என்று அவர் சொல்லவில்லை. ஆனால் முகம் சொல்லிற்று.

அவ்விரவுகளில் என் மனம் அடிக்கடி நாடிய பெயர் ஒன்றுண்டு. வங்காளத்து ஜெஸ்ஸூரில் கஜானா குமாஸ்தாவாக இருந்த ராதாகோவிந்த சந்திரர் என்பவர் அவர். பள்ளியிறுதிப் பரீக்ஷையில் தேறாதவர். பகலில் சர்க்கார் நாணயத்தை எண்ணி, இரவில் தம் வீட்டிலிருந்து, ஒளி மாறும் நட்சத்திரங்களின் பிரகாசத்தை மதிப்பிட்டுக் குறித்து அமெரிக்காவிலுள்ள அத்துறைச் சங்கத்திற்கு அனுப்பிவந்தார். அவருடைய குறிப்புகள் வாழ்நாளில் முப்பதினாயிரத்துக்கு மேல் ஆயின. அவற்றின் மெய்ம்மையை மதித்து அச்சங்கத்தார் 1926-இல் ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கப்பலேற்றி அனுப்பினர். அவர் முதுமையில் அதைத் திருப்பி ஒப்படைத்தபோது, அது வைனு பாப்பு அவர்கள் கைக்கு வந்து, முடிவில் நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாராய்ச்சி நிலையத்தை அடைந்தது. 1986-முதல் 2.34 மீட்டர்ப் பேராடி நிற்கும் அதே காவலூர்தான். 1988-இல் ஒரு சிறு கிரகத்தைக் கண்டு கணித மேதை ராமானுஜன் பெயரை இட்டவர்களும் அங்குள்ளவர்களே. பேராடியைவிட ஆறங்குலமே என் சிந்தையிற் பெரிதாக நிற்கிறது. ஒளி மாறும் நட்சத்திரத்தை நோக்குபவருக்கு ஒரு விரதம் உண்டு: நேற்று என்ன குறித்தோம் என்று பார்க்கலாகாது, இன்று இவ்வளவு இருக்க வேண்டுமே என்று நினைக்கலாகாது, கண்டதை மட்டும் எழுத வேண்டும். முப்பதினாயிரம் தடவை அவ்விரதத்தைக் காத்த குமாஸ்தா அவர்.

பங்குனி அமாவாசை வந்தது. முதலிரண்டு இரவும் காற்றால் கெட்டன; குழாய் ஆட, நட்சத்திரங்கள் புழுக்களைப் போல் நெளிந்து விழுந்தன. மூன்றாம் இரவு பதினோரு மணிக்குக் காற்று ஓய்ந்தது. அப்படியோர் அமைதி அவ்வூரில் அபூர்வம். தென்னை மட்டை அசையவில்லை. நள்ளிரவுக்குப் பின் எம் 104 உச்சிக் கோட்டை நெருங்கிற்று. திரையில் வந்து விழும் ஒவ்வொரு படமும் முந்தியதைவிடக் கூர்மையாயிருந்தது. இருண்ட பட்டை தனிப்படத்திலேயே தெரியக் கண்டு என் மார்பு படபடத்தது.

மணி ஒன்றடித்துச் சிறிது நேரமிருக்கும். மேற்கு வேலியோரம் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஈரமான ஒரு முக்கல். பிறகு சத்தமில்லை. பிறகு மண் கிளறும் ஒலி, மெல்ல, ஒழுங்காக.

யான் அறிந்தேன். 'அது நாயாயிருக்கும், கீரியாயிருக்கும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது பின்னால் சேர்த்த சமாதானம். அந்த நிமிஷத்தில் யான் அறிந்தேன் என்பதே உண்மை. கையில் விளக்கு இருந்தது. அதைப் போட்டால் அந்தப் படம் வெளுத்துப் போகும். கூவினால் பெரியவர் கம்பத்து விளக்கைப் போடுவார், அன்றிரவு முடிந்தது. இத்தகைய அமைதி இனி எந்த ஆண்டு வாய்க்கும்? இன்னும் பத்து நிமிஷம், இன்னும் பத்து படம் என்று உட்கார்ந்திருந்தேன். காமிரா டக்கென்று மூடித் திறக்கும். வேலிக்கப்பால் மண் கிளறும். இரண்டையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டு நாற்பது நிமிஷம் இருந்தேன். முடிவில் சாளையிலிருந்த நாய் குரைத்தது. கம்பத்து விளக்கு எரிந்தது. கரிய உருவங்கள் ஐந்தாறு கிழக்கே வேலியைக் கிழித்துக்கொண்டு என் தோப்பினூடே ஓடின.

விடிந்ததும் சென்று பார்த்தேன். கால் ஏக்கருக்குக் குறையாமல், ஏர் பூட்டியது போல், நிலம் புரண்டிருந்தது. பறித்த செடிகள் வேர் மேலாகக் கிடந்தன. இன்னும் இருபது நாளில் அறுவடையாக வேண்டிய காய். பெரியவர் ஒரு செடியைக் குனிந்தெடுத்து, மண்ணை உதறி, எஞ்சியிருந்த இரண்டு காயையும் கிள்ளி மடியிற் போட்டுக்கொண்டார். அவர் மனைவியார் சாளைத் திண்ணையில் நின்று, என்னைப் பார்க்காமல், எனக்குக் கேட்கும்படி பேசினார். "வெளக்கை அணைக்கச் சொன்னவுங்க முழிச்சுத் தானே இருந்தாங்க?" என்ற அந்தக் கேள்விக்கு என் புத்தகங்கள் எதிலும் விடையில்லை.

"தூங்கிட்டீங்களா தம்பி?" என்று பெரியவர் கேட்டார். ஆம் என்று சொல்லத் தப்பும் வழியையும் அவரே அமைத்துக் கொடுத்தார். அதை ஏற்றுக்கொள்ள நா எழுந்தது என்பதையும் இங்கு ஒப்புக்கொள்கிறேன். "இல்லை பெரியப்பா. கேட்டது. படம் கெட்டுவிடுமென்று பேசாமல் இருந்துவிட்டேன்" என்றேன்.

அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. வேலி முறிந்த இடத்தைப் போய்ப் பார்த்தார். இரண்டு முள்ளை இழுத்து அடைத்தார். நஷ்டத்துக்குப் பணம் தருகிறேன் என்றேன். முழுவதும் வாங்க மறுத்து, விதைக்கும் உழவுக்கும் கணக்குப் போட்டு அதை மட்டும் வாங்கிக்கொண்டார். அவ்வாறு அவர் கணக்குப் போட்டது எனக்குப் பெரிய ஆறுதலாயிருந்தது. "போகட்டும். அந்தப் படம் முடிஞ்சதும் எனக்குக் கொண்டாந்து காட்டோணும்" என்றார். நாலாம் இரவுக்கு யான் அவரைக் கேட்கவுமில்லை. அவர் விளக்கை அணைக்கவுமில்லை.

இரு மாதத்திலும் எடுத்தவை 412 படங்கள். காற்றில் ஆடியவற்றையும், மேகம் கடந்தவற்றையும் கழித்தபின் நின்றவை 287. அவற்றுள் மிகக் கூர்மையானவை எவை என்று கணிப்பொறி வரிசைப்படுத்திற்று. முதலிடங்களில் பெரும்பாலானவை அந்த நாற்பது நிமிஷத்தைச் சேர்ந்தவை. அவற்றை நீக்கிவிடலாமா என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். நீக்கினால் எனக்கு உறுத்தல் குறையும். ஆனால் பெரியவரின் கடலை வீணே போனதாகும். சேர்த்துக்கொண்டேன்.

அடுக்கி முடித்தபோது வந்ததே நீங்கள் கண்ட படம். பூரண சந்திரன் குறுக்களவில் மூன்றிலொரு பங்குக்கும் குறைந்த ஒரு பொருள். அதன் உட்பருப்பும், வட்டமும், இருண்ட பட்டையும் தெரிகின்றன. பட்டையில் இரண்டோர் இடத்தில் தடிப்பு தெரிவது போலிருக்கிறது, உறுதியாகச் சொல்வதற்கில்லை.

இதை உறவினரான ஓர் இளைஞருக்கு அனுப்பினேன். கணிப்பொறித் தொழிலில் வல்லவர்; என்மேல் அன்புள்ளவர். மறுநாளே திருப்பியனுப்பினார். திறந்து பார்த்துத் திகைத்தேன். பட்டையில் சுருள் சுருளாகத் தூசு மேகங்கள். ஓரங்களில் நுண்ணிய கிளைகள். வட்டத்தைச் சுற்றிக் கூரிய சிறு நட்சத்திரங்கள். செயற்கை அறிவு கொண்ட ஒரு கருவியில் இட்டாராம்; மங்கியதை அது தெளிவாக்குமாம். கண்காட்சிக்கு இதையே அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். எனக்கும் ஆசை வந்தது. எட்டங்குல ஆடியால் இவ்வளவு என்று கூட்டத்தார் வியப்பதை மனத்தில் ஒருமுறை நடத்தியும் பார்த்தேன்.

ஹப்பிள் விண்தொலைநோக்கியால் எடுத்து 2003-இல் வெளியிடப்பட்ட இதே மண்டலத்தின் பெரிய படம் யாவருக்கும் கிடைப்பது. அதையும் இதையும் ஓரளவாக்கிப் பக்கத்தில் வைத்து, பட்டையின் கீழ்முனையிலிருந்து அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டேன். ஹப்பிளில் சுருள் இருக்குமிடத்தில் இதில் இல்லை. இதில் கிளை பிரியுமிடத்தில் அங்கு வெறுமை. சிறு நட்சத்திரங்களுள் பல என் படத்தின் மணற்புள்ளிகளிலிருந்து முளைத்தவை. அக்கருவி பல்லாயிரம் படங்களைப் பார்த்துப் பழகியது; நட்சத்திர மண்டலம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அதற்குத் தெரியும்; இருக்க வேண்டியதை அது வரைந்துவிட்டது. சந்திரர் எதைச் செய்யலாகாதென்று விரதம் காத்தாரோ அதையே அது தொழிலாகக் கொண்டது. இளைஞரைக் குறை சொல்லவில்லை. வெண்மையைச் சிறிது கூட்டுவதும் கறுப்பைச் சிறிது குறைப்பதும் யானும் செய்ததே. அவை வந்ததை விளங்கக் காட்டுவன. இது வராததை வந்ததாகக் காட்டுவது. எல்லை எங்கே என்று நண்பர்கள் வாதிக்கலாம். எனக்கு வாதிக்க இடமில்லை. ஏனெனில் அப்படத்தை முதலிற் காட்ட வேண்டியவர் கண்காட்சிக் கூட்டத்தார் அல்லர். கால் ஏக்கர் கடலைக்கு ஈடாக, எங்கும் இல்லாத ஒரு சுருளை அவர் கையிற் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

சித்திரை மாதத்தில் படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு சென்றேன். கடலை அறுத்தாகிவிட்டது, களத்தில் கொடி காய்ந்துகொண்டிருந்தது. கம்பத்து விளக்கின்மேல் ஓர் எண்ணெய் டின்னைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்துக் கட்டியிருந்தார் பெரியவர். ஒளி முழுவதும் கீழே நிலத்தில் விழுந்தது. நிலம் முன்னிலும் பிரகாசமாயிருந்தது. என் தோப்போ கும்மிருட்டு. "வெளிச்சம் மேல போயி என்ன பண்ணுதுங்? பன்னி கீழ தானே வருது" என்றார். அந்த டின்னின் விலை ஐம்பது ரூபாய் இருக்கும். பௌதிகம் கற்பிக்கிற எனக்கு மார்கழியிலேயே அது தோன்றியிருக்க வேண்டும். விளக்கை அணைக்கச் சொல்லத்தான் தோன்றிற்று.

அவ்வெளிச்சத்தின் கீழ்ப் படத்தை விரித்தார். எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். மெக்ஸிகோத் தொப்பி என்று யான் சொன்னது அவருக்குப் பிடிபடவில்லை. "பம்பரமுங். சாஞ்சு சுத்துது" என்றார். அது உண்மையிலேயே சுற்றுகிறது என்று சொன்னேன். அதற்கு அவர் வியக்கவில்லை; பம்பரமென்றால் சுற்றத்தானே வேண்டும்.

"இதுல அன்னிக்கு ராத்திரி வந்தது எதுங்?"

எல்லா இரவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன, பிரித்துக் காட்ட இயலாது என்றேன். பின் நினைத்துக்கொண்டு, கறுப்புப் பட்டையைத் தொட்டு, இது இவ்வளவு மெல்லியதாக விழுந்தது பெரும்பாலும் அன்றைய நாற்பது நிமிஷத்தால்தான் என்றேன். அவர் விரலால் அக்கோட்டின் மேலேயே ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவினார். "இங்க கொஞ்சம் தடிச்சிருக்குதே, அது என்னுங்?" என்று கேட்டார். கூட்டத்தில் எவரும் கவனிக்காத இடம் அது. தூசு மேகமாயிருக்கலாம், என் கண்ணாடிக்கு அதற்குமேல் தெரியவில்லை என்றேன். சரி என்று தலையசைத்தார்.

பிறகு ஒரு பழைய செய்தித்தாளில் படத்தைப் பக்குவமாகச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாளையை நோக்கி நடந்தார். "எங்கீங் பெரியப்பா?" என்றேன். "உள்ள காட்டோணுமுங்களே. இன்னும் உங்க மேல கோவமாத்தான் இருக்கறா" என்று திரும்பாமலே சொன்னார்.